நிதி உண்டு, வேலைக்கு மட்டும் இல்லை

இங்கிலாந்தின் வடகிழக்கில், டைன் ஆற்றின் தென்கரையில் ஜாரோ என்று ஓர் ஊர். அங்கே இருந்த கப்பல் கட்டும் தளம் 1934-ல் விலைபோனது. வாங்கிய நிறுவனத்துக்குக் கப்பல் கட்டும் உத்தேசமே கிடையாது. மூடிப் போடத்தான் வாங்கியது. இன்னும் 40 ஆண்டுகளுக்கு அந்த இடத்தில் யாரும் கப்பல் கட்டக் கூடாது என்று நிபந்தனையும் போட்டது. அன்றைக்கு இருபது வயதிலிருந்த தொழிலாளி ஒருவர், தடை நீங்கும் நாளில் அறுபதைத் தொட்டிருப்பார்.

அடுத்த ஆண்டு நடந்த பொதுத் தேர்தலில் ஜாரோ தொகுதியின் எம்.பி. ஆனவர் எல்லன் வில்கின்சன். இந்த ஊரின் பிழைப்பைப் பறித்தது யார், திருப்பித் தரும் பொறுப்பு யாருடையது என்று அவர் அரசைக் கேட்டுக்கொண்டே இருந்தார். நலிந்த வட்டாரங்களுக்கென்று அரசு தனியாக நிதி ஒதுக்குவது இன்று பல நாடுகளில் வாடிக்கை. அந்தப் பணத்தை எதற்குச் செலவிடலாம், எதற்குக் கூடாது என்ற விதிகளுக்குப் பின்னால் எத்தனை சண்டை நடந்தது என்பதை ஜாரோவில்தான் தெளிவாகப் பார்க்க முடிகிறது.

ஊரை உருவாக்கியது ஒரே ஒரு கம்பெனி. எட்டாம் நூற்றாண்டில் துறவி பீட் வாழ்ந்து எழுதிய மடம் இங்கேதான் இருந்தது. அதன் பிறகு ஆயிரம் ஆண்டுகளுக்கு ஜாரோவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலக்கரிச் சுரங்கம் வந்தது. அந்த நூற்றாண்டின் நடுவில் சார்லஸ் மார்க் பால்மர் வந்தார். நியூகாசிலின் கரி லண்டன் போய்ச் சேரப் பாய்மரக் கப்பல்கள் காற்றுக்குக் காத்துக் கிடந்த காலம். ரயில் அந்த வியாபாரத்தைப் பறித்துக்கொண்டிருந்தது. 1852-ல் பால்மர் ஜான் போவ்ஸ் என்ற நீராவிக் கப்பலைக் கடலில் இறக்கினார். இரும்பு உடல், திருகு விசிறி, ஒரே நடையில் 650 டன் கரி. அதற்குப் பிறகு அவருக்குத் தொட்டதெல்லாம் துலங்கியது. யார்க்ஷயர் கரையோரத்தில் சொந்தச் சுரங்கத்திலிருந்து இரும்புத் தாது வரும். ஜாரோவின் ஊதுலையில் உருகும். பக்கத்து ஆலையில் தகடாக உருளும். ஆற்றங்கரையில் கப்பலாகி இறங்கும். எல்லாம் ஒரே வேலிக்குள்.

1875-ல் ஊர் நகராட்சி ஆனபோது முதல் மேயரும் பால்மர்தான். பிறகு தொகுதியின் எம்.பி.யும் அவரே. முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு இறக்கப்பட்ட குயின் மேரி என்ற போர்க்கப்பல் இங்கே கட்டியது. ஜட்லண்ட் கடற்போரில் அது மூழ்கியபோது ஜாரோவில் அழாத தெரு இருந்திருக்காது. செழிப்பு நாட்களிலும் தொழிலாளர் குடியிருப்புகள் நெரிசலாகவே இருந்தன. காசநோயும் சிசு மரணமும் ஊரை விட்டுப் போகவே இல்லை. ஆனால் வேலை இருந்தது. காலையில் சங்கு ஊதினால் ஆயிரக்கணக்கான பேர் ஒரே வாசலில் நுழைவார்கள்.

போர் முடிந்ததும் உலகத்துக்குக் கப்பல்கள் மிஞ்சிவிட்டன. 1929-க்குப் பிறகு வந்த பெருமந்தத்தில் ஆர்டர்களே இல்லை. 1932 ஜூலையில் டச்சஸ் என்ற நாசகாரிக் கப்பலைக் கடலில் இறக்கியதோடு ஜாரோவின் கப்பல் வேலை முடிந்தது. 1933-ல் கம்பெனி கடன்காரர்கள் பிடிக்குள் போனது.

அப்போது உள்ளே வந்ததுதான் நேஷனல் ஷிப்பில்டர்ஸ் செக்யூரிட்டி. கப்பல் கட்டும் முதலாளிகளே 1930-ல் கூட்டாக ஏற்படுத்திய நிறுவனம் இது. அளவுக்கு மிஞ்சிய தளங்களை விலைக்கு வாங்கி மூடுவது, மிச்சமிருக்கும் தளங்களுக்கு வியாபாரத்தைக் காப்பாற்றிக் கொடுப்பது, இவைதான் அதன் வேலை. புதிதாகக் கட்டும் கப்பல்களின் விலையில் நூற்றுக்கு ஒரு பங்கை வரி போல வசூலித்துக்கொண்டது. இங்கிலாந்து வங்கி பின்னால் நின்றது. தலைவர் சர் ஜேம்ஸ் லித்கோ, ஸ்காட்லாந்தில் கிளைடு நதிக்கரையில் சொந்தத் தளம் வைத்திருந்தவர். தொழில் மொத்தமும் மூழ்காமலிருக்கச் சிலதை வெட்டித்தான் ஆக வேண்டும் என்பது அவர்கள் வாதம். கணக்குப் புத்தகத்தில் அந்த வாதம் நிற்கும். எந்த ஊரை வெட்டுவது என்று அந்த ஊர்க்காரர்களிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் எழவில்லை என்பதுதான் மன்னிக்க முடியாதது. கிரேன்களை அறுத்து எடுத்தார்கள், புகைபோக்கிகளைச் சாய்த்தார்கள். வேலைக்குப் போகும் வயதிலிருந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள்.

வேலையில்லாதவர்களுக்கு அரசு உதவித்தொகை கொடுத்தது. ஆனால் காப்பீட்டின்படி உரிய வாரங்கள் முடிந்த பிறகு வாங்க வேண்டுமானால், 1931 முதல், வசதிச் சோதனைக்கு உட்பட வேண்டும். அதிகாரி வீட்டுக்கே வருவார். யார் யார் இருக்கிறார்கள், யாருக்கு எவ்வளவு வரும்படி, விற்றுச் சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்பார். மகனுக்கு எங்காவது எடுபிடி வேலை கிடைத்திருந்தால் அந்தச் சம்பளம் அப்பாவின் தொகையில் கழியும். பாட்டியின் ஓய்வூதியமும் கணக்கில் வரும். பிள்ளைகள் வேறு முகவரிக்குக் குடிபோனால் தகப்பனுக்கு முழுத் தொகை கிடைக்கும் என்பதால் குடும்பங்கள் பிரிந்தன. ஜாரோவை உள்ளடக்கிய டர்ஹாம் மாவட்டத்தின் உதவிக் குழு கை தாராளமாகக் கொடுக்கிறது என்று சொல்லி, 1932-ல் லண்டன் அரசு அந்தக் குழுவையே ஒதுக்கிவிட்டுத் தன் ஆட்களை நியமித்தது.

இப்படிப்பட்ட ஊருக்குத்தான் எல்லன் வில்கின்சன் வந்து சேர்ந்தார். மான்செஸ்டரில் 1891-ல் பிறந்தவர். அப்பா பஞ்சாலையில் வேலை பார்த்துப் பிறகு காப்பீட்டு ஏஜென்ட் ஆனவர். மகள் உதவித்தொகையில் பல்கலைக்கழகம் போய் வரலாறு படித்தார், கடை ஊழியர் சங்கத்தில் அமைப்பாளரானார், 1924-ல் மிடில்ஸ்பரோவிலிருந்து நாடாளுமன்றம் சென்றார், 1931-ல் தோற்றார். ஐந்தடிக்கும் குறைவான உயரம், நெருப்பு நிறத் தலைமுடி, அதோடு பொருந்திய அரசியல். அதனால் ‘சிவப்பு எல்லன்’. பதவியில்லாத அந்த இடைவெளியில், 1932-ல், இந்திய விடுதலைக்காக லண்டனில் இயங்கிய இந்தியா லீக் அனுப்பிய குழுவில் ஒருவராக இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். குழுவின் செயலாளர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த வி.கே. கிருஷ்ண மேனன். அடக்குமுறையைப் பற்றி அவர்கள் எழுதிய அறிக்கையை பிரிட்டிஷ் இந்திய அரசு நாட்டுக்குள் விடவில்லை.

ஜாரோவுக்காக அவர் எடுத்த ஆயுதம் கேள்வி. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்பதற்கு நீண்ட வரலாறு உண்டு. பதிவான முதல் கேள்வி 1721-ல் பிரபுக்கள் சபையில் எழுந்தது. சவுத் சீ கம்பெனி ஊழலில் ஓடிப்போன காசாளரைப் பற்றி. 1902-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு, நட்சத்திரக் குறியிட்ட கேள்விகளுக்கு மட்டும் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார், மற்றவற்றுக்கு எழுத்தில். நம் சட்டமன்றங்களில் ‘நட்சத்திரக் கேள்வி’ என்று இன்றும் சொல்கிறோமே, அதன் பூர்வீகம் இதுதான். அச்சடித்த கேள்விக்கு அதிகாரிகள் எழுதிக் கொடுத்த பதிலை அமைச்சர் வாசித்துவிடுவார். உடனே எழுந்து கேட்கும் துணைக்கேள்வியில்தான் உறுப்பினரின் திறமை தெரியும். வில்கின்சன் அதில் கெட்டிக்காரர். விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார்.

அவர் கையில் எடுத்துக்கொண்ட விவரம், 1934-ன் சிறப்புப் பகுதிகள் சட்டம். டைன்சைடும் டர்ஹாமும், மேற்கு கம்பர்லாந்து, தெற்கு வேல்ஸ், ஸ்காட்லாந்தின் தொழிற்பகுதி என்று நலிந்த நான்கு வட்டாரங்களை அரசு வரையறுத்தது. இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்குச் சர் மால்கம் ஸ்டுவர்ட் ஆணையரானார். மொத்த நிதி 20 லட்சம் பவுண்டு. ஆணையர் சாக்கடை போடலாம், குடிநீர்க் குழாய் பதிக்கலாம், மருத்துவமனைக்கு உதவலாம், வேலையில்லாதவர்களுக்குத் தோட்ட நிலம் கொடுக்கலாம். லாபம் ஈட்டும் எந்தத் தொழிலுக்கும் ஒரு பென்னி தரக் கூடாது. வேறு துறை மானியம் தரும் பணிகளிலும் தலையிடக் கூடாது. அதாவது, வேலை போனதால் நொந்த ஊரில், வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பணம் இருந்தது. தொழிலதிபர்களின் நல்லெண்ணத்தை நம்பி ஸ்டுவர்ட் 5,800-க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு, இந்த வட்டாரங்களில் ஆலை திறப்பீர்களா என்று கேட்டு எழுதினார். பெரும்பாலானவர்கள் பதிலே போடவில்லை. பதில் போட்டவர்களிலும் அநேகமாக எல்லோரும் முடியாது என்றார்கள்.

ஜாரோவுக்கு ஒரு வழி தெரிந்தது. பால்மர் நிலத்தில் நவீன உருக்காலை ஒன்றைக் கட்டும் திட்டம் தயாராகி, நிபுணர்களும் சாத்தியம் என்று சொல்லியிருந்தார்கள். குறுக்கே நின்றது பிரிட்டிஷ் இரும்பு உருக்குக் கூட்டமைப்பு. சந்தையில் இன்னொரு போட்டியாளரை ஏற்கெனவே இருந்த ஆலைகள் விரும்பவில்லை. உருக்குத் தொழிலுக்கு இறக்குமதி வரி என்ற பாதுகாப்புச் சுவரை 1932 முதல் கட்டிக் கொடுத்திருப்பது அரசு. அந்தச் சுவருக்குள் இருந்துகொண்டு ஒரு ஊருக்கு ஆலை வேண்டுமா வேண்டாமா என்று தனியார் முதலாளிகள் தீர்மானிப்பதா என்று வில்கின்சன் கேட்டார். இந்த நிகழ்வுகளிலேயே கூர்மையான கேள்வி இதுதான். நேரான பதில் கடைசிவரை வரவில்லை. 1936 கோடையில் தூது வந்த ஜாரோ பிரதிநிதிகளிடம், அந்த ஊர் தன் மீட்சிக்குத் தானே வழி தேடிக்கொள்ள வேண்டும் என்று சொல்லி அனுப்பினார் வர்த்தக அமைச்சர் வால்டர் ரன்சிமன். அவர் பிறந்தது சவுத் ஷீல்ட்ஸ், ஜாரோவுக்குப் பக்கத்து ஊர். குடும்பத் தொழில் கப்பல்.

அந்த ஒரு வாக்கியம் ஊரைக் கிளப்பிவிட்டது. நகர்மன்ற உறுப்பினர் டேவிட் ரைலி யோசனை சொன்னார். நகர்மன்றம் முழுதாக ஒப்புக்கொண்டது. லண்டனுக்கு நடப்பது, மனுவோடு. விருப்பம் சொன்ன நூற்றுக்கணக்கானவர்களை நகராட்சி மருத்துவர் சோதித்துப் பார்த்து, நடக்கத் தெம்புள்ள 200 பேரைத் தேர்ந்தெடுத்தார். 1936 அக்டோபர் 5 அன்று நீலமும் வெள்ளையுமான பதாகைகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். 11,000-க்கும் மேற்பட்ட கையெழுத்துகள் கொண்ட மனு, ஓக் மரப்பெட்டிக்குள் இருந்தது. பின்னால் ஒரு பழைய பேருந்து, சமையல் பாத்திரங்களோடு. முன்னால் போய்த் தங்குமிடம் ஏற்பாடு செய்தவர்கள் இரண்டு பேர்: ஒருவர் தொழிற்கட்சியின் ஏஜென்ட், இன்னொருவர் பழமைவாதக் கட்சியின் ஏஜென்ட்.

கட்சிச் சாயம் ஒட்டக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம். கம்யூனிஸ்டுகள் நடத்திய வேலையற்றோர் இயக்கத்தின் பட்டினி ஊர்வலமும் அதே பருவத்தில் லண்டனை நோக்கி வந்தது. ஜாரோக்காரர்கள் ஒதுங்கியே நடந்தார்கள். அப்படியும் சொந்தக் கட்சி கை கொடுக்கவில்லை. எடின்பரோவில் நடந்த தொழிற்கட்சி மாநாட்டுக்கு வில்கின்சன் ஓடிப்போய் ஆதரவு கேட்டார். பசித்த மனிதர்களை நாடு முழுக்க நடக்கவிடுவது சரியா என்று அவரையே திருப்பிக் கேட்டார்கள். உதவ வேண்டாம் என்று தொழிற்சங்கத் தலைமை உள்ளூர்க் கிளைகளுக்குச் சுற்றறிக்கை விட்டது. செஸ்டர்ஃபீல்டில் சோறு போட்டவர்கள் பழமைவாதக் கட்சியினர். லெஸ்டரில் கூட்டுறவுச் சங்கத்தின் செருப்புத் தைப்பவர்கள் கூலி வாங்காமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்து 200 பேரின் பூட்ஸையும் தைத்துக் கொடுத்தார்கள். வழியில் கிடைத்த ரொட்டிக்குள் இருந்த இறைச்சித் துண்டை மட்டும் எடுத்து உறையில் போட்டு, வாரக்கணக்கில் கறியைப் பார்க்காத வீட்டுக்கு ஒருவர் தபாலில் அனுப்பினார் என்பது அந்தப் பயணத்தைப் பற்றி அதிகம் சொல்லப்படும் செய்தி. வில்கின்சன் நாடாளுமன்ற வேலைக்கும் கூட்டங்களுக்கும் இடையே திரும்பத் திரும்ப வந்து வரிசையில் சேர்ந்து நடந்தார்.

அக்டோபர் 31, கொட்டும் மழையில் லண்டன். பிரதமர் பால்ட்வின் சந்திக்க மறுத்துவிட்டார். ஊர்வலமாக வருகிற யாரையும் அமைச்சர்கள் பார்ப்பதில்லை என்று அமைச்சரவை முன்பே முடிவு செய்திருந்தது.

நவம்பர் 4 அன்று வில்கின்சன் அவையில் எழுந்து மனுவின் சாரத்தைச் சொன்னார்: கப்பல் தளம் மூடிவிட்டது, உருக்காலை திறக்கும் உரிமை மறுக்கப்பட்டது, 8,000 பேர் வேலை செய்த இடத்தில் இப்போது ஒரு தற்காலிகத் திட்டத்தில் 100 பேர், ஊரை இப்படியே விட்டுவிடக் கூடாது. நடைமுறை அவ்வளவுதான். மனுவை சபாநாயகர் நாற்காலிக்குப் பின்னால் தொங்கும் பையில் போட வேண்டும். பிறகு வந்த கேள்விக்கு ரன்சிமன், நிலைமை திருப்தி இல்லை என்றாலும் அண்மை மாதங்களில் ஜாரோவில் வேலையின்மை குறைந்திருக்கிறது என்று பதில் சொன்னார். இந்த அலட்சியம் தேசத்தின் மனசாட்சிக்கே அவமானம் என்று கொதித்தார் சவுத் ஷீல்ட்ஸ் உறுப்பினர் சூட்டர் ஈட். சில நிமிடங்கள். அவை அடுத்த அலுவலுக்குப் போய்விட்டது. நடந்து வந்தவர்களில் பெரும்பாலோர் அந்த நேரத்தில் தேம்ஸ் நதியில் உல்லாசப் படகில் இருந்தார்கள். ஏற்பாடு செய்தவர் சர் ஜான் ஜார்விஸ்.

ஜார்விஸைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பழமைவாதக் கட்சி எம்.பி.; தெற்கே பணக்கார மாவட்டமான சர்ரேயில் நிதி திரட்டி ஜாரோவைத் தத்தெடுக்க வைத்தவர். அவர் முயற்சியில்தான் டைட்டானிக்கின் சகோதரிக் கப்பல் ஒலிம்பிக், உடைப்பதற்காக 1935-ல் ஜாரோவுக்கு வந்தது. கப்பல் கட்டப் பழகிய கைகள் கப்பல் உடைத்துக் கூலி வாங்கின. சில நூறு பேருக்குச் சில காலம் சோறு கிடைத்தது; அதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. ஆனால் தர்மத்தில் பிழைக்கும் ஊருக்கு அரசின் மீது உரிமை ஏதும் இல்லை என்று சொல்ல அது நல்ல சாக்காகவும் அமைந்தது.

ஊர் திரும்பியவர்களுக்கு இன்னொரு அடி காத்திருந்தது. நடந்த நாட்களில் வேலைக்குத் தயாராக இல்லை என்று காரணம் காட்டி உதவித்தொகையை வெட்டியிருந்தார்கள்.

இத்தோடு ஜாரோ தோற்றது என்று முடித்துவிடுபவர்கள் உண்டு. அந்தக் கூற்றை ஏற்க முடியவில்லை. மனு அவைக்கு வந்த அதே நவம்பரில் ஆணையர் ஸ்டுவர்ட்டின் மூன்றாவது அறிக்கை வெளிவந்தது. தொழிலதிபர்களைக் கெஞ்சிப் பயனில்லை; அரசே சலுகை கொடுத்து ஆலைகளை இழுக்க வேண்டும்; லண்டன் வட்டாரத்தில் புதிய ஆலைகளுக்குத் தடை போட வேண்டும் என்று எழுதிவிட்டு அவர் பதவியிலிருந்து விலகினார். அரசு நியமித்த ஆளே, வில்கின்சனும் அவரைப் போன்ற உறுப்பினர்களும் கேட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். 1937-ல் சட்டம் திருத்தப்பட்டது. சிறப்புப் பகுதிகளில் ஆலை தொடங்குபவருக்கு வாடகை, உள்ளூர் வரி, வருமான வரி ஆகியவற்றில் உதவலாம் என்று வழி திறந்தது. ஜாரோவிலிருந்து சில மைல் தள்ளி, கேட்ஸ்ஹெட்டில், அரசுப் பணத்தில் டீம் வேலி தொழிற்பேட்டை எழுந்தது; கட்டிடத்தைக் கட்டி வைத்துவிட்டு வாடகைக்கு ஆள் தேடும் முறை. நாம் கிண்டியிலும் அம்பத்தூரிலும் பார்க்கிற ‘எஸ்டேட்’டுக்கு இது மூத்த உறவு. ஜாரோவிலும் ஒரு குழாய் ஆலையும் சின்ன அளவில் உருக்கு வேலையும் வந்தன. இருந்தாலும் பெருவாரியான கைகளுக்கு வேலை கொடுத்தது அடுத்த போருக்கான ஆயுத உற்பத்திதான்.

வில்கின்சன் இதற்கிடையே தனிநபர் மசோதாவாக 1938-ல் தவணைக் கொள்முதல் சட்டத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். தையல் மிஷினோ கட்டிலோ தவணையில் வாங்கிய ஏழைக் குடும்பம், கடைசித் தவணைகளில் ஒன்றைத் தவறவிட்டால், கடைக்காரர் ஆளனுப்பிப் பொருளைத் தூக்கிப் போய்விடுவார். கட்டிய பணமும் போச்சு. விலையில் மூன்றில் ஒரு பங்கு கட்டிவிட்டால் நீதிமன்ற உத்தரவில்லாமல் பொருளைத் தொடக் கூடாது என்றது சட்டம். நாடகத்தனம் ஏதுமில்லாத இந்தச் சட்டம் எத்தனையோ அடுப்படிகளில் நிம்மதி தந்திருக்கும். 1939-ல் ஜாரோவின் வரலாற்றை ‘கொலையுண்ட ஊர்’ என்ற பொருள்படும் தலைப்பில் புத்தகமாக எழுதினார். தொழிலாளர் குடும்பங்களின் சிசு மரணத்தையும் முதலாளிகளின் லாபக் கணக்கையும் அருகருகே வைக்கும் புத்தகம் அது.

1937-ல் அரசு அமைத்த பார்லோ ஆணையம், தொழில்கள் நாட்டில் எங்கெங்கே அமைய வேண்டும் என்பதில் அரசுக்குப் பொறுப்பு உண்டு என்று 1940-ல் சொன்னது. 1945 ஜூனில், போர்க்கால வர்த்தக அமைச்சர் ஹியூ டால்டன் தயாரித்த தொழில் பகிர்வுச் சட்டம் நிறைவேறியது. ‘சிறப்புப் பகுதி’ என்ற பெயர் ‘வளர்ச்சிப் பகுதி’ ஆனது. வர்த்தக அமைச்சகம் தானே ஆலைக் கட்டிடம் கட்டலாம், கடன் தரலாம். 10,000 சதுர அடிக்கு மேல் புதிய ஆலை கட்டும் யாரும் அரசுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அடுத்த மாதத் தேர்தலில் தொழிற்கட்சி வென்று, வில்கின்சன் கல்வி அமைச்சரானார். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பால் கிடைக்கச் செய்தார். கட்டாயக் கல்வி வயதை 15-க்கு உயர்த்தும் முடிவை அமைச்சரவையில் போராடிக் காப்பாற்றினார். அது நடைமுறைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1947 பிப்ரவரி 6 அன்று, 55 வயதில் காலமானார்.

அவர் கேட்டவற்றில் பாதிதான் அந்த 1945 சட்டத்தில் இருந்தது. ஆலையை எங்கே திறப்பது என்பதில் அரசு கைவைத்தது. ஒரு ஊரின் ஒரே ஆலையை மூடும்போது ஊரைக் கேட்க வேண்டும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. அதே டர்ஹாம் மாவட்டத்தில், ஜாரோவைப் போலவே ஒற்றைத் தொழிலை நம்பியிருந்த கன்செட்டின் உருக்காலை 1980-ல் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானவர்களுக்கு வேலை போனது. மறுபடியும் மனு எழுதினார்கள், எம்.பி.க்கள் அவையில் எழுந்து கேட்டார்கள். இந்த முறை மூடியது தனியார் முதலாளிகளின் கூட்டமைப்பு இல்லை. அரசுக்குச் சொந்தமான பிரிட்டிஷ் ஸ்டீல்.